நானூற்றுப் பதிமூன்றாவது வெற்றி

அமிர்தகரம் மருத்துவமனையில் இதுவரை எந்தச் சிகிச்சையும் தோற்றதில்லை. இது நாமாகச் சொல்வதல்ல. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், அந்த மருத்துவமனையின் முன்மண்டபச் சுவரில் பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். சுவரின் இடப்பக்கம் 'வெற்றிகள்' என்று தலைப்பு, அதன் கீழ் வரிசையாகப் பெயர்கள். வலப்பக்கம் 'மற்றவை' என்று தலைப்பு, அதன் கீழ் வெறும் சுண்ணாம்பு. நிர்வாகத்தின் நேர்மைக்கு அந்த வெற்றுச் சுவரே சாட்சி என்று ஆண்டு மலரில் எழுதியிருந்தார்கள்.

இடப்பக்கத்தில் நானூற்றுப் பதிமூன்றாவதாக ஏறிய பெயர் தாணுமாலயன்.

தாணுமாலயனுக்கு முப்பத்தாறு வயது. தென்காசி கோயிலுக்குப் பக்கத்தில் பலவேசம் பட்டு மாளிகையில் பட்டுப் பிரிவு விற்பனையாளர். நூல் சேலை வாங்க வந்தவளைப் பட்டு கட்ட வைத்து அனுப்புகிற வாய் அவருக்கு. ஆனால் ஆண்டவன் வாயைக் கொடுத்த கையோடு கையையும் கொடுத்துவிட்டான். அந்தக் கை வேர்க்கும். வெயிலில் வேர்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் அவர் விடைத்தாளை வாத்தியார் வெயிலில் காயப்போட்டுத்தான் திருத்தினார். கோயிலில் வாங்கிய திருநீறு நெற்றிக்குப் போவதற்குள் குழம்பாகிவிடும்.

பட்டுக்கு இது ஆகுமா? பதினோரு வருடம் மடியில் ஒரு துண்டை ஒளித்துவைத்துச் சமாளித்தார். போன தை மாதம் சுரண்டையிலிருந்து முகூர்த்தச் சேலை எடுக்க வந்த கூட்டத்துக்கு மாம்பழ நிறத்தில் ஒன்றை விரித்துக் காட்டிவிட்டுக் கையை எடுத்தபோது, முந்தியில் ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. மணப்பெண்ணின் அத்தை அதைச் சரிகை வேலை என்று நினைத்து முதலில் பாராட்டினாள்.

கடை முதலாளி பலவேசம் அண்ணாச்சி அன்றைக்கே தாணுவை மாடியில் பாவாடை நாடா விற்கும் பிரிவுக்கு ஏற்றினார்.

"ஏலே தாணு, ஒன் வாய்க்குச் சம்பளம் குடுக்கேன். ஒன் கைக்கு நான்தானலே அபராதம் கட்டுதேன்" என்றார். "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள அந்தக் கைய என்னமும் செஞ்சு காய வச்சுட்டு வா. மெத்தையில ஒக்காரு. இல்லன்னா நாடாதான். அதுலயும் வெள்ள நாடாவத் தொடாத."

நாடாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பேச ஒன்றுமில்லாத பொருளை விற்பது தாணுவுக்கு வாயைத் தைத்ததுபோல இருந்தது. அவருக்கு வேண்டியது பட்டுப் பிரிவின் வெள்ளை மெத்தை. அதற்காக நெஞ்சைக் கிழிக்கவும் தயாராக இருந்தார். மருத்துவமனை அவ்வளவு கேட்கவில்லை. ஒவ்வொரு அக்குளுக்குக் கீழேயும் ஒரு துளை போதும் என்றது.

கரநலப் பிரிவின் தலைவர் டாக்டர் எபனேசர். முதலில் அவர் தாணுவின் இரண்டு கையையும் ஒரு தாளில் ஒரு நிமிடம் அழுத்தச் சொன்னார். தாள் கிழிந்தது.

"எக்ஸலண்ட்" என்றார் டாக்டர். அவ்வளவு மகிழ்ச்சியாகத் தன் கையைப் பார்த்தவர் யாரும் இல்லை என்று தாணுவுக்குத் தோன்றியது. "நெஞ்சுக்குள்ள ஒரு நரம்பு போகுது. அதுதான் கைக்கு வேர்க்கச் சொல்லி ஆர்டர் போடுது. அந்த நரம்புல குட்டியா ஒரு கிளிப் போட்டுருவோம். ஆர்டர் நின்னுரும். சிம்பிள்."

"சரி டாக்டர். அப்ப அந்த வேர்வ எங்கன போவும்?"

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நல்ல கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒப்புதல் படிவத்தில் இருப்பதாக ரூபி சொன்னாள். ரூபி அங்கே நோயாளர் மகிழ்ச்சி அலுவலர். நோயாளிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று பார்ப்பதும், இல்லையென்றால் அதைப் பதிவு செய்யாமல் இருப்பதும் அவள் பொறுப்பு. பதினான்கு பக்கப் படிவம். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து. வலது கையால் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் இடது கையால் தாளைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற இடத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. மருத்துவமனை அச்சுப்பொறியின் மை தண்ணீர் கண்டால் ஓடுகிற மை.

தாணு அந்தப் பத்தியைப் படிக்கத்தான் குனிந்தார். 'இச்சிகிச்சைக்குப் பின்' என்பது வரை படித்தார். அதற்குள் இடது கைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு குளம் உண்டாயிற்று.

"ஐயோ, அழிஞ்சு போச்சேம்மா!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஃபார்மாலிட்டிதான்" என்று ரூபி தாளை வாங்கி, சுவரில் மாட்டியிருந்த கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே காட்டினாள். அதற்கென்றே அதை அங்கே மாட்டியிருந்தார்கள். அந்தப் பிரிவுக்கு வருகிற எல்லோருக்கும் கை வேர்க்கும். ஆகவே அந்தப் பிரிவின் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளிலும் ஒன்பதாம் பக்கம் ஊதா நிறம்தான். ஒன்பதாம் பக்கம் ஊதாவாக இல்லாவிட்டால் கோப்பு சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ரூபி பெருமையோடு சொன்னாள்.

சிகிச்சை நடந்தது. கண் விழித்த தாணு இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். காய்ந்திருந்தன. உரசினால் சரசரவென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முத்துவடிவின் கன்னத்தைத் தொட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் கன்னம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அழுதுவிட்டார். வெட்கமில்லாமல், வார்டு முழுக்கக் கேட்கிறபடி அழுதார். முத்துவடிவு கோயில் திருநீற்றைப் பொட்டலத்திலிருந்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அது பொடியாகவே இருந்தது. ஊதினால் பறந்தது.

வீட்டுக்குப் போகுமுன் கைகுலுக்கல் சடங்கு. முன்மண்டபத்தில் டாக்டர் எபனேசர் கேமராவுக்கு முன்னால் தாணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் கையை விரித்துக் காட்டினார். ஈரமில்லை. ஊழியர்கள் கைதட்டினார்கள். தேதி பொறித்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு ஆள் ஏணியில் ஏறி நானூற்றுப் பதிமூன்றாவது பெயரைப் பதித்தான்.

தாணு இரண்டு வாரம் கழித்துப் பட்டு மெத்தையில் உட்கார்ந்தார். சாரல் காலம். காற்று குளுகுளுவென்று இருந்தது. முதல் நான்கு நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது.

பட்டு விற்கிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். சேலையை மெத்தையில் விரித்தால் மட்டும் போதாது. விற்பனையாளர் முந்தியைத் தன் தோளில் போட்டு, சேலையின் உடலை மார்பில் சார்த்தி, கரையைத் தன் இடுப்போரம் மடித்துக் காட்ட வேண்டும். மீசை வைத்த ஆள் கட்டியே இவ்வளவு அழகென்றால் மணப்பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று வாங்குபவர்கள் யோசிப்பார்கள். தென்காசியில் கல்யாணச் சேலைகள் இப்படித்தான் விற்கின்றன.

புளியங்குடிக் கூட்டம் ஒன்று. தாணு அரக்குப் பட்டைத் தோளில் போட்டு, "மொதல்ல முந்தியப் பாருங்க மைனி. மத்ததெல்லாம் அப்பறம் பேசுவோம்" என்று ஆரம்பித்தார். கை கல்லாக உலர்ந்திருந்தது. ஆனால் முதுகில் ஏதோ ஊர்வது தெரிந்தது. பிறகு மார்பில். பிறகு தொடையில். கையில் சொட்டுச் சொட்டாக வந்தது இப்போது வாய்க்காலாக வந்தது. சேலையை எடுத்தபோது அதில் தோளும் மார்பும் வயிறும் சேர்ந்து ஒரு முழு ஆள் தெரிந்தான். எழுந்தபோது வெள்ளை மெத்தையில் மீதி ஆள் தெரிந்தான்.

"வெரல் தடம் போயி ஆள் தடம் வந்துட்டேலே!" என்றார் பலவேசம் அண்ணாச்சி. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. வியப்பாகத்தான் இருந்தது. "பழைய கையே தேவலைலே. அத ஒரு துண்டுல கட்டி வைக்கலாம். ஒன்ன எதுலலே கட்டி வைக்க? ஆவணி வரப்போவுது. பாத்துக்க."

தாணு மருத்துவமனைக்குப் போனார். ரூபி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கே அண்ணாச்சி."

"கை நல்லாத்தாம்மா இருக்கு. முதுகப் பாரேன்."

"முதுகு எங்க பேஷண்ட் இல்லியே. நாங்க கரநலப் பிரிவு" என்று சொல்லி ஒரு கருத்துப் படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே கேள்வி. 'உங்கள் கை உலர்ந்துள்ளதா?' கீழே இரண்டு கட்டங்கள். 'ஆம்', 'மிகவும் ஆம்'.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒருவர் பெரிய துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். கடையநல்லூர் கிதிர் முகம்மது. லுங்கி வியாபாரம். சுவரில் முந்நூற்று எழுபத்தொன்றாவது பெயர்.

"பையில என்னண்ணே?" என்று கேட்டார் தாணு.

"சட்ட. ஒரு நாளைக்கு மூணு மாத்துதேன். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு நாலு. சுஜூதுல நெத்திய வச்சு எந்திரிச்சா தொழுக விரிப்பு நனைஞ்சு கெடக்கு. பக்கத்துல ஒருத்தரும் நிக்க மாட்டேங்காங்க" என்றார் கிதிர். "ஏழு மாசமா மாசாமாசம் வாரேன். 'மிகவும் ஆம்'ல டிக் போடச் சொல்லுதாங்க. போட்டுட்டுப் போறேன்."

டாக்டர் எபனேசர் தாணுவுக்கு நிதானமாக விளக்கினார். அவருக்குக் கோபமே வராது. கோபம் வருகிற அளவுக்கு அவர் யாரையும் கவனித்ததில்லை.

"இத நாங்க பக்கவிளைவுன்னு சொல்றதில்ல. பக்கம்னா பக்கத்துல இருக்கணும். கைக்குப் பக்கத்துல மணிக்கட்டு இருக்கு. அங்க வேர்க்குதா? இல்லியே. முதுகு எவ்வளவு தூரம்! அங்க நடக்குறதுக்கெல்லாம் நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? வியர்வைங்கிறது உடம்போட சுதந்திரம். அத நாங்க தடுக்கல. கையில மட்டும்தான் தடை போட்டிருக்கோம். நீங்க என்ன கேட்டு வந்தீங்க? கை காயணும்னு. காஞ்சுதா?"

"காஞ்சுது டாக்டர்."

"அப்ப யாரு மேல குறை?"

தாணு நனைந்த முதுகை நாற்காலியிலிருந்து விலக்கிக்கொண்டார். மெதுவாகக் கேட்டார். "டாக்டர், அந்தக் கிளிப்ப எடுத்துர முடியுமா? எனக்குப் பழைய கையே போதும்."

அறையில் இருந்த இரண்டு நர்சுகளும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"முடியும்" என்றார் டாக்டர். "சீக்கிரம் எடுத்தா நரம்பு பழைய வேலைக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கு. நாளாயிட்டா அதுவும் மறந்துரும். ஆனா யோசிங்க. கிளிப்ப எடுத்தா உங்க பேரச் சுவத்துலருந்து எடுக்கணும். பித்தளை எழுத்து, பின்னால சிமெண்ட். ஒண்ணப் பெயர்த்தா மத்த நானூத்திப் பன்னெண்டும் ஆட்டம் காணும். ஒருத்தருக்காக நானூத்திப் பன்னெண்டு பேரோட வெற்றியக் கெடுக்கலாமா?"

"சீக்கிரம்னா எத்தன நாளைக்குள்ள டாக்டர்?"

"அது படிவத்துல இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"ஒன்பதாம் பக்கம்."

தாணு கோப்பு அறைக்குப் போய் ரூபியிடம் தன் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டச் சொன்னார். ஊதாக் குளத்தின் நடுவில் அவருடைய இடது கை. அதைச் சுற்றி 'நோயாளி', 'தோன்றலாம்', 'நன்றி' என்று மூன்று சொற்கள் தப்பியிருந்தன.

"இத வச்சு நான் என்னத்தம்மா படிக்க? எழுதாத படிவம் ஒண்ணு குடேன். பாத்துட்டுத் தாரேன்."

"அது புது நோயாளிகளுக்கு மட்டும்தான் அண்ணாச்சி."

"அப்ப நான் புது நோயாளியா வாரேன்."

"அதுக்குக் கை வேர்க்கணுமே" என்றாள் ரூபி உண்மையான வருத்தத்தோடு.

வீட்டில் முத்துவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவருடைய நான்காவது சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒங்கள யாரு அங்கன போவச் சொன்னா? பதினோரு வருசமா அந்த நனைஞ்ச கையத்தான பிடிச்சுட்டுத் திரியுதேன். நான் என்னைக்காவது ஒரு வார்த்த சொல்லியிருக்கனா?" என்றாள். அவள் சொன்னதில்லை. தாணு ஒரு நாளும் அவளைக் கேட்டதும் இல்லை.

ஆடி மாதம் மருத்துவமனையின் உலர்கரத் திருவிழா. ஆண்டுதோறும் சீசன் சமயத்தில் குற்றாலத்தில் நடக்கும். ரூபி தாணுவை அழைத்தாள். சிறப்பு விருந்தினருக்கு முன்னால் மேடையில் நின்று நன்றாகப் பேசினால், கிளிப் விஷயத்தை டாக்டர் "கனிவோடு பரிசீலிக்க"க்கூடும் என்றாள். பேசுவதுதானே தாணுவின் தொழில். சரி என்றார்.

விழா காலையில் ஐந்தருவியில் தொடங்கியது. நானூற்றுப் பதிமூன்று வெற்றியாளர்களில் வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். மற்றவர்கள் அவரவர் வீட்டில் மகிழ்ச்சியாக இருப்பதாக ரூபி ஒலிபெருக்கியில் தெரிவித்தாள். முப்பத்தொன்பது பேரையும் அருவிக்கு அடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இது ரூபியின் யோசனை. போன வருடம் மண்டபத்தில் எடுத்த படத்தில் எல்லோர் சட்டையும் நனைந்து தெரிந்ததாம். அருவியில் நின்றால் குளித்தவன் யார், வேர்த்தவன் யார் என்று எந்தக் கேமராவும் கேட்காது. "எல்லாரும் உலர்ந்த கையக் காட்டுங்க!" என்று படம் பிடிப்பவர் கத்தினார். கொட்டுகிற தண்ணீருக்குள் எழுபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. சுற்றுலா வந்த கூட்டம் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

பிறகு கல்யாண மண்டபம். வெற்றியாளர்கள் எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். கறுப்பில் ஈரம் தெரியாது. கோட்டு தைத்துக் கொடுத்தது பலவேசம் பட்டு மாளிகை என்பதால் அண்ணாச்சியும் முன்வரிசையில் இருந்தார். பின்வரிசைகளில் முன்பதிவு செய்த புதியவர்கள் எழுபது பேர், கைக்குட்டையை உருட்டிக்கொண்டு. தாணு அவர்களைப் பார்த்தார். அந்த உருட்டலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வந்த ஆசையும் தெரியும்.

சிறப்பு விருந்தினர் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏதோ ஒரு குழுவின் தலைவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்காகத்தான் அவரை அழைப்பது. முத்திரையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் எபனேசர் உரையாற்றினார். "இங்க யாருக்கும் நாங்க எதையும் மறைச்சதில்ல. பதினாலு பக்கத்துல எல்லாம் எழுதிக் குடுக்கிறோம். படிச்சுட்டு ஒரு ஆள் கூட இதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்ல. இதவிட வெளிப்படைத்தன்மை என்ன வேணும்?"

கைதட்டல். அடுத்து தாணுவை மேடைக்கு அழைத்தார்கள். ரூபி மைக்கில் முழங்கினாள். "தாணுமாலயன்! நானூற்றுப் பதிமூன்றாவது வெற்றி! சிகிச்சை முடிந்து இன்றோடு சரியாக அறுபது நாள்! அறுபது நாளாக அவர் கையில் ஒரு சொட்டு இல்லை!"

டாக்டர் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்றை உயர்த்திக் காட்டினார். அது தாணுவின் பழைய ஒன்பதாம் பக்கம், ஊதாக் கை. "அன்னைக்கு இவர் கை பட்ட தாள் இது. இன்னைக்கு?" அவர் புத்தம்புதிய, எழுதாத ஒன்பதாம் பக்கம் ஒன்றைத் தாணுவின் கையில் கொடுத்தார். "ஒரு நிமிஷம் பிடிச்சுட்டு நில்லுங்க. ஒரு எழுத்துகூட அழியாது. எல்லாரும் பாருங்க."

மேடையில் நின்ற ஊழியர் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். தாணு தாளைப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் வரியைப் படித்ததும் அவருக்குக் காது அடைத்தது. இரண்டாவது வரியில் வாய் திறந்தது. கையில் விரித்ததை வாயால் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கமில்லை. மைக் பக்கத்தில்தான் இருந்தது. தாளின் மேல்முனையை இடது தோளில் சார்த்தி, அடிமுனையைக் கூட்டத்துக்குத் தெரிகிறபடி பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல முந்தியப் பாருங்க" என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இச்சிகிச்சைக்குப் பின் கைகளில் வியர்வை நிற்கும். அது முதுகு, மார்பு, தொடை ஆகிய இடங்களில் முன்னிலும் மிகுதியாகத் தோன்றலாம். பெரும்பாலானோருக்குத் தோன்றும். துணி, தாள் சார்ந்த தொழில் செய்வோர் இதை நன்கு யோசித்து முடிவெடுக்கவும்."

நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். விலையைச் சொல்லுமுன் நிறுத்துகிற அதே நிறுத்தல்.

"நோயாளி விரும்பினால் அறுபது நாட்களுக்குள் எழுத்து மூலம் கோரி, கிளிப்பை அகற்றிக்கொள்ளலாம். இது நோயாளியின் உரிமை. மருத்துவமனை மறுக்க இயலாது. அறுபது நாட்களுக்குப் பின் மருத்துவமனை பொறுப்பேற்காது. நன்றி."

தாளைத் தோளிலிருந்து இறக்கினார்.

"பாத்தீங்களா!" என்று டாக்டர் எபனேசர் மகிழ்ச்சியோடு எழுந்தார். "ஒரு எழுத்து அழியல! முழுசாப் படிச்சுட்டார்! எங்க மருத்துவமனை வரலாற்றிலேயே ஒன்பதாம் பக்கத்தப் படிச்ச முதல் மனிதர்!"

சிறப்பு விருந்தினர் பலமாகக் கைதட்டினார்.

பின்வரிசையில் கைக்குட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். பிறகு இருவர். வாசல் பக்கம் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது. வெற்றியாளர் வரிசையில் கிதிர் முகம்மதுவும் எழுந்து நின்றார். கறுப்புக் கோட்டின் முனையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அறுவது நாளா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "எனக்கு எட்டு மாசம் ஆயிட்டே."

பிறகு உட்கார்ந்துகொண்டார்.

தாணு மனதுக்குள் கணக்குப் போட்டார். இன்று அறுபதாவது நாள். விழாவை முன்னிட்டு மருத்துவமனை அலுவலகத்துக்கு விடுமுறை. நாளைக்கு அறுபத்தொன்று. கோட்டுக்குள் முதுகு ஆறாக ஓடியது. கை மட்டும் காய்ந்திருந்தது. ரூபியின் கையிலிருந்த பேனாவை வாங்கினார். தாளின் அடியில், கையெழுத்துக்கான இடத்துக்கு மேலே, அழகான எழுத்தில் எழுதினார். 'என் கிளிப்பை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அறுபதாம் நாள்.' கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, அதைச் சிறப்பு விருந்தினரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஐயா, நீங்க கையில வாங்கினதுக்கு இதுல ஒரு கையெழுத்து."

அவர் பழக்கப்படி கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். "என்ன அருமையான கையெழுத்து! இதுவும் சிகிச்சையால வந்ததுதானே?" என்று டாக்டரிடம் விசாரித்தார். டாக்டர் ஆமாம் என்று சொல்லும்படி ஆயிற்று.

மருத்துவமனை மறுக்கவில்லை. முத்திரை விழுந்த தாளை மறுக்க அதற்கு வழியில்லை. மூன்று கூட்டம் நடத்தினார்கள். சுவரைப் பெயர்ப்பது பற்றி ஒரு பொறியாளரிடமும் கேட்டார்கள். கடைசியில் டாக்டர் எபனேசரே வழி கண்டுபிடித்தார். ஆவணி பிறந்த இரண்டாம் நாள் கிளிப்பை எடுத்தார்கள்.

ஒன்றும் உடனே நடந்துவிடவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, கோயிலில் வாங்கிய திருநீறு உள்ளங்கையில் லேசாகக் கருத்தது. தாணு கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முத்துவடிவு விரித்துப் பார்த்தாள். பாதி பொடி, பாதி குழம்பு. முதுகு வேர்ப்பதும் முழுக்க நிற்கவில்லை, நாளுக்கு ஒரு சட்டையோடு நின்றது. அவளுடைய கன்னம் எப்படி இருந்தது என்பதைத் தாணு இனிமேல் நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வருத்தப்பட்டார். அவள் அந்தக் கையை இழுத்துத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

பலவேசம் அண்ணாச்சி ஆளனுப்பியிருந்தார். "எழுவது பேர ஒத்தத் தாள விரிச்சே எழுப்பி அனுப்பிட்டியேலே! நீ சேலையத் தொடாண்டாம். மடியில துண்டக் கட்டிக்கிட்டு மெத்தை ஓரமா ஒக்காரு. போட்டுக் காட்டுததுக்கு வேற பய இருக்கான். நீ பேசு. ஒன் வாய்க்குத்தானலே சம்பளம்." அந்த ஆவணியில் மாம்பழ நிறம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசியாக மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தாணு போனார். முன்மண்டபத்தில் கேமரா, ஊழியர்கள், ஏணியில் அதே ஆள். டாக்டர் எபனேசர் தாணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் கையை விரித்துக் காட்டினார். பளபளவென்று ஈரம். "எக்ஸலண்ட்!" என்று சொல்லிக் கோட்டில் துடைத்துக்கொண்டார். ஊழியர்கள் கைதட்டினார்கள். நானூற்றுப் பதினான்காவது வெற்றியாகச் சுவரில் ஏறியது அதே தாணுமாலயன். புதிதாகத் தொடங்கிய ஈர மீட்புப் பிரிவின் முதல் வெற்றி. வலப்பக்கச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. ரூபி கருத்துப் படிவம் கொடுத்தாள். 'உங்கள் கை ஈரமாக உள்ளதா? ஆம், மிகவும் ஆம்.' தாணு பேனாவை வைத்ததும் இரண்டு கட்டமும் கரைந்து ஒன்றாயின.

வாசல் பெஞ்சில் கிதிர் முகம்மது துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்து 'மிகவும் ஆம்' போட வந்திருந்தார். தாணு கையை நீட்டினார். பிறகுதான் நனைந்த கை என்று நினைவு வந்து பின்னால் இழுக்கப் பார்த்தார். கிதிர் விடவில்லை. காய்ந்து சொரசொரத்த தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டார்.

"நல்லா ஈரமா இருக்குண்ணே" என்றார். "செத்த நேரம் பிடிச்சுக்கிடுதேன்."

தாணு பக்கத்தில் உட்கார்ந்தார். கடையநல்லூர் பஸ் வரும்வரைக்கும் தன் கையைத் திரும்பக் கேட்கவில்லை.